மூடிக் கணக்கு

ராஜமாணிக்கம் கெட்ட மனுஷர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்டவன் கை வைத்திருந்தால் ஊர் பாதியிலேயே உஷாராகியிருக்கும். நல்ல பெயர் எடுத்தவர் செய்ததால்தான் காரியம் அவ்வளவு தூரம் போயிற்று.

அவர் எழுதியது ஒரே ஒரு புத்தகம். 'நெல் மருந்து மூடிக் கணக்கு' என்று பெயர். தொண்ணூற்றாறு பக்கம், பச்சை அட்டை, சட்டைப் பையில் அடங்குகிற அளவு. அதை எழுதுவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் சேத்தியாத்தோப்பில் ராமாமிர்தத்தின் உரக்கடையில் நின்று பூச்சி மருந்து விற்றவர். லிட்டருக்கு இத்தனை மில்லி என்று டப்பாவில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை ஒருத்தரும் படிப்பதில்லை என்று அங்கேதான் பார்த்தார். மில்லி அளக்கக் குவளை யார் வீட்டில் இருக்கிறது? டப்பா மூடியைத் திருகி எடுத்து, அந்த மூடியாலேயே அளந்து, முதுகில் மாட்டுகிற டேங்கில் ஊற்றுவதுதான் வழக்கம். அப்படியானால் கணக்கையும் மூடியிலேயே சொல்லிவிட்டால் என்ன? ஒவ்வொரு கம்பெனி மூடியிலும் தண்ணீர் ஊற்றி அளந்தார். குருத்துப் பூச்சிக்கு இந்த மருந்து, டேங்குக்கு இரண்டு மூடி. புகையானுக்கு அந்த மருந்து, மூன்று மூடி என்று வரிசையாக எழுதினார். அவ்வளவுதான் புத்தகம்.

ஆனால் அந்தப் புத்தகம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. உரக்கடை வாசலில் நூலில் கட்டித் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் நூல்தான் மிஞ்சும். சம்பா பருவத்துக்கு இரண்டாயிரம் பிரதி போகும். ராஜமாணிக்கம் உரக்கடை வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரம் தெற்கு வீதியில் சொந்தமாகப் புத்தகக் கடை போட்டார். பஸ்ஸில் போனால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். "மூடி புக்குக்காரரு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். வீட்டில் அவர் மனைவி லோகநாயகிக்கு அதில் கொஞ்சம் பெருமை. அவருக்கோ கொஞ்சமா நஞ்சமா, தலைகால் புரியாத பெருமை. ஒரு மனுஷன் பெயர் பச்சை அட்டையில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தால் யாருக்குத்தான் இருக்காது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் புத்தகத்துக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டித் தருகிற ஆரோக்கிய ஜெனிபர் ஒரு யோசனை சொன்னாள். "சார், இத இ-புக்காவும் போட்டுடலாம். அச்சுக்கூலி கெடையாது, கட்டு தூக்க வேணாம். செல்லுலயே வாங்கிப் படிச்சுக்குவாங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. போட்டார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று பேர் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த நாற்பத்து மூன்று பேரில் எந்தப் புண்ணியவானோ, அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் விட்டுவிட்டான். அப்புறம் கேட்பானேன். கீரப்பாளையம் உழவர் குரூப், சேத்தியாத்தோப்பு குரூப், வடலூர் குரூப், யாரோ பெண் பார்க்கப் போவதற்கென்று ஆரம்பித்த குரூப் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் அச்சுப் புத்தகம் எண்ணூறு போயிற்று. மறு வருஷம் இருநூற்றுப் பத்து.

போன ஆடியில் ராமாமிர்தம் பிரிக்காத கட்டுகளை ஆட்டோவில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு போன் செய்தார். "கோச்சிக்காத ராஜமாணிக்கம். எல்லாவனும் செல்லுல வச்சிருக்கான். எங்கிட்டயே காட்டி, இதுல இந்த மருந்து போட்டிருக்குது குடுன்றான். நான் என்னா பண்றது?"

அதைவிடக் கொடுமை மச்சான் வீட்டில் நடந்தது. லோகநாயகியின் தம்பி இளவரசு, கீரப்பாளையம் பக்கத்தில் நாலு ஏக்கர் நெல் போடுகிறவன். அவன் பிள்ளைக்குக் காதுகுத்து. பந்தியில் எல்லோர் முன்னாலும் செல்லை எடுத்து நீட்டினான். "மாமா, உங்க புக்கு ஊரு பூரா ஓடுது. எனக்கே மூணு குரூப்புலேருந்து வந்துச்சி." வாயெல்லாம் பல்லாகச் சொன்னான், பாவம். மாமாவைச் சந்தோஷப்படுத்துவதாக நினைப்பு.

ராஜமாணிக்கம் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். லோகநாயகி தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் காய்ச்சிய காய்ச்சில் அவன் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு தெற்கு வீதிக் கடைக்கே வந்தான். செல்லில் இருந்ததை அவர் கண் முன்னாலேயே அழித்தான். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நூறு ரூபாய் நோட்டை மேஜையில் வைத்தான்.

"உங்கிட்ட போயி காசு வாங்குவனா? வச்சிக்கடா," என்றார்.

"வேணாம் மாமா. சொந்த மாமா புக்க ஓசில படிச்சா வெளங்குமா. பாக்கியக் குடுங்க." பாக்கியை எண்ணி வாங்கிக்கொண்டுதான் போனான். அப்படிப்பட்ட பிள்ளை.

அதற்கப்புறம் ராஜமாணிக்கம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. திரும்பி வந்த கட்டுகள் கடையில் கழுத்தளவு நின்றன. புத்தகம் செத்துவிட்டால் தன் பெயரும் செத்துவிடும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. செல்லில் படிக்கிறவன் அட்டையையா பார்க்கிறான்? நேராகப் புகையான் பக்கத்துக்கல்லவா விரலைத் தள்ளிக்கொண்டு போகிறான். உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்ததில் புரட்டாசியில் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவனுக்கும் முதலில் அது வழியாகத்தான் தெரியும்.

பஸ் ஏறிக் கடலூர் போனார். ஜெனிபர் எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். பழைய கோப்பைத் திறக்க வேண்டும். எல்லா அளவையும் பாதியாக்க வேண்டும். மூன்று மூடி என்றால் ஒன்றரை, இரண்டு என்றால் ஒன்று. முதல் பக்கத்தில் 'புதிய திருத்திய பதிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். பிடிஎஃப் ஆக்கித் தர வேண்டும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

ஜெனிபர் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டாள். "சார், இது மருந்து சார்."

"கூட்டியாம்மா போடச் சொன்னேன்? கொறைச்சுதான போடறோம். கொறைச்சு ஊத்துனா எவனும் சாவ மாட்டான். பூச்சிதான் சாவாது. ரெண்டு தடவ அடிச்சிப் பாத்துட்டு, செல்லுல வர்றது லாயக்கில்லன்னு தூக்கிப் போட்டுட்டுக் கடைக்கு வருவான்."

"அதுக்குள்ள பயிர் போயிடாதா?"

"ஒரு வாரத்துல என்னா போயிடும். இந்தா, நான் என்னா கொலையா பண்றேன்? திருடுனவனுக்குத்தான இது. காசு குடுத்து வாங்குறவனுக்கு ஒரு குத்தமும் வராது."

அவள் அப்பா சகாயநாதன் படுக்கையில் கிடக்கிறார். ராஜமாணிக்கம் தருகிற வேலை போனால் அவளுக்கு வேறு வேலை உடனே வராது. பேசாமல் செய்து கொடுத்தாள். ஆனால் ஒன்று சொன்னாள்: "நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன் சார். உங்க செல்லுலேருந்து நீங்களே அனுப்பிக்கோங்க."

அவரிடம் பழைய சிம் ஒன்று இருந்தது, யாருடையதென்று ஊருக்குத் தெரியாதது. அதிலிருந்து கீரப்பாளையம் குரூப்பில் சேர்ந்து போட்டார். 'மூடிக் கணக்கு புதிய பதிப்பு வந்துவிட்டது, பழையதை அழித்துவிடவும், நண்பர்களுக்குப் பகிரவும்.' போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினார். பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அதே கோப்பு வேறு குரூப்பிலிருந்து அவருக்கே திரும்பி வந்தது. 'பலமுறை பகிரப்பட்டது' என்று மேலே குறி. அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஐப்பசியில் சம்பா பயிரில் இலைச்சுருட்டுப் புழு இறங்கியது. செல்லைப் பார்த்து மருந்தடித்தவர்கள் மறுநாள் வயலுக்குப் போய்ப் பார்த்தால் புழு பாட்டுக்கு இலையைச் சுருட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது. உரக்கடைக்காரனை வைதார்கள். கம்பெனிக்காரனை வைதார்கள். ராமாமிர்தத்தின் கடையில் ஒருவர் டப்பாவைத் தரையில் போட்டு உடைத்தே விட்டார். அப்போதுதான் ராஜமாணிக்கம் தன் வாயால் மெல்ல ஒரு வார்த்தையை விட்டார்: "செல்லுல வர்றத நம்பி அடிச்சா அப்படித்தான். அதுல என்னென்ன குளறுபடி இருக்குதோ. அச்சுல இருக்குறது என் அளவு."

வார்த்தை தீயாகப் பரவிற்று. ராமாமிர்தம் நூறு பிரதி கேட்டார். நாலு நாள் கழித்து முந்நூறு. கழுத்தளவு நின்ற கட்டுகள் முழங்காலுக்கு இறங்கின. கார்த்திகை பிறந்தபோது கையில் ஒரு பிரதி இல்லை, மறுபதிப்புக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதாயிற்று. இ-புத்தகம் வந்தால் அச்சுப் புத்தகம் அழிந்துவிடும் என்றவன் எல்லாம் என் கடைக்கு வந்து பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். லோகநாயகிகூட, "என்னா, உங்க முகத்துல களை வந்துருக்குது," என்றாள்.

அந்தக் களை பத்து நாள்கூட நிலைக்கவில்லை.

ஒரு மத்தியானம் சேத்தியாத்தோப்பு ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். சம்பா ஐந்து ஏக்கராம். புத்தகத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "நல்ல புக்குதாங்க. ஆனா ரெண்டா ஊத்திக்கணும்."

"என்னாது?"

"புக்குல ஒரு மூடின்னா நாம ரெண்டு ஊத்தணும். ரெண்டுன்னா நாலு. அப்பதான் சாவுது. எங்க ஊருல எல்லாரும் அப்படித்தான் ஊத்துறோம். வாய்ஸ் மெசேஜே வந்துச்சே, கேக்கலியா?" அவரே செல்லை எடுத்துப் போட்டுக் காட்டினார். கீரப்பாளையத்து ஆள் ஒருவர் குரல், நிதானமாக, நம்பிக்கையாக: "மூடி புக்குல போட்டுருக்குறத ரெண்டு மடங்கா ஊத்துங்க. ஒண்ணும் ஆவாது, நான் ஊத்திப் பாத்துட்டேன். புழு ஒண்ணு இல்ல. அவுரு பயந்துகிட்டுப் பாதிதான் எழுதுவாரு."

அந்தக் குரலில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் வினை. பாதியை இரண்டு மடங்காக்கினால் சரியான அளவு வரும். சரியான அளவில் அடித்தால் புழு சாகும். செத்தது. கண்ணால் பார்த்தார்கள். 'மூடி புக்கு என்றால் இரண்டு மடங்கு' என்பது கண் கண்ட உண்மையாகிவிட்டது. ஆனால் இப்போது அந்த ஆள் கையில் இருந்தது அச்சுப் புத்தகம். அதில் இருப்பது முழு அளவு.

"எந்தப் புக்குல பாத்து ரெண்டா ஊத்துனாங்க? செல்லுலயா, அச்சுலயா?" என்று அவசரமாகக் கேட்டார் ராஜமாணிக்கம்.

"எதுல பாத்தா என்னாங்க. ரெண்டும் உங்க புக்குதான?" அந்த ஆள் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

செல்லில் இருப்பதையும் அச்சில் இருப்பதையும் யாராவது ஒருத்தன் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் செல்லில் இருந்ததை வெறுத்துப்போய் அழித்தவன்தான் புத்தகம் வாங்கினான். எதோடு ஒப்பிடுவான்? கையில் புத்தகமும் மண்டையில் அந்த இரண்டு மடங்கும்தான் அவனிடம் இருந்தன. ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் இன்னொரு டேங்கில் இரண்டு பங்கு மருந்து விழப்போகிறது. அதில் சில டப்பாக்களில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும். கடையில் வியாபாரம் சூடாக நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஜெனிபருக்கு போன் செய்தார். அவளுக்கும் அந்தக் குரல் வந்துசேர்ந்திருந்தது.

"சார், உண்மையச் சொல்லிடுங்க. ஒரே ஒரு வாய்ஸ் போடுங்க. செல்லுல வந்தது நான் பண்ணுனது, அதுல பாதி, அச்சுல முழுசு, ரெண்டா ஊத்தாதீங்கன்னு. அஞ்சு நிமிஷத்துல ஊரு பூரா போயிடும்."

"சொல்லிட்டு அப்புறம் தெருவுல நடக்க முடியுமாம்மா? பயிர் போச்சின்னு வெட்ட வருவானுங்க. ஒருத்தன் என் புக்கத் தொடுவானா?"

"தொடாட்டிப் போறாங்க சார்."

அவர் போனை வைத்துவிட்டார். அறுவடை முடியட்டும், பொங்கல் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவருக்குள்ளேயே ஒரு குரல். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாமல் ஒரு துண்டுச் சீட்டு அடிக்கச் சொன்னார். 'இதில் கண்டுள்ள அளவே முழு அளவு. கூட்டக் கூடாது.' ஒவ்வொரு பிரதியிலும் ஒன்று செருகினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. ராமாமிர்தத்திடம் அதைப் பற்றிக் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "எல்லா டப்பாலயும்தான் அப்படிப் போட்டுருக்கு. யாரு பாக்குறா? சீட்டு பாதி கடையிலயே உதுந்து கெடக்கு. அது கெடக்கட்டும், இன்னும் ஐநூறு அனுப்பு. நிக்க மாட்டேங்குது."

அனுப்பினார். அனுப்பாமல் இருந்திருக்கலாம் அல்லவா? கேட்டால், அச்சாகி வந்துவிட்டதே என்பார்.

மார்கழிப் பனியில் புகையான் இறங்கியது. பயிர் இடுப்பளவு நிற்கிற நேரம், தூரில் அடை அடையாய் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். விட்டால் மூன்றாம் நாள் வயல் வட்டம் வட்டமாகக் கருகிவிடும். யாரும் நிதானமாக யோசிக்கிற பருவம் இல்லை அது.

ஒரு காலை, கடையில் வடலூர் வியாபாரி ஒருவர் ஐம்பது பிரதி கட்டச் சொல்லி நின்றுகொண்டிருந்தார். இளவரசு போன் செய்தான்.

"மாமா, நம்ம வயல்லயும் புகையான் வந்துடுச்சி. எங்க வீட்டுக்காரி சத்யா நேத்தே பாத்தா. இப்ப அடிச்சிடலாம்னு இருக்கேன். உங்க புக்கு பக்கத்துலயே வச்சிருக்கேன்."

ராஜமாணிக்கம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவனிடம் செல் கோப்பு கிடையாது. அன்றைக்கே அழித்துவிட்டான். அச்சுப் புத்தகம்தான் இருக்கிறது, சரியான அளவு. ஆனாலும்.

"எவ்ளோ ஊத்தப் போற?"

"அது எனக்குத் தெரியாதா மாமா. எல்லாரும் ஊத்துற மாதிரிதான்."

கேட்டார். காதில் நன்றாகவே விழுந்தது. எல்லாரும் எப்படி ஊற்றுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். 'வேணாம்டா, புக்குல உள்ளத மட்டும் ஊத்து' என்று சொல்ல வாய் திறந்தார். ஏன் என்று அவன் கேட்பான். ஊரே ரெண்டா ஊத்துது மாமா என்பான். அதற்குப் பதில் சொல்ல வேண்டும், வடலூர்க்காரர் காது கொடுத்து நின்றுகொண்டிருக்கிறார். மத்தியானம் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"பாத்து அடி. மூஞ்சில துண்டு கட்டிக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு ஐம்பது பிரதியையும் எண்ணிச் சணலால் கட்டினார்.

மத்தியானம் அவர் கூப்பிட்டபோது போனை யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அதுவும் அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தது இளவரசுவின் மனைவி சத்யப்பிரியா. அவள் பேச்சில் பாதி புரியவில்லை. வரப்பில் விழுந்து கிடந்தார், வாயில் நுரை, வேர்த்து ஊற்றுகிறது, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, ஆம்புலன்ஸில் சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருக்கிறோம். இவ்வளவுதான் பிடிபட்டது. ராஜமாணிக்கம் கடையைச் சாத்தக்கூட இல்லை. வீட்டுக்குப் போய் லோகநாயகியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழி முழுக்க அவள், "மூஞ்சில துண்டு கட்டாம அடிச்சிருப்பான், சொன்னா கேக்க மாட்டான்," என்று அழுதுகொண்டே வந்தாள். துண்டெல்லாம் கட்டித்தான் இருந்தான். துண்டு என்ன செய்யும் அதற்கு?

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இளவரசுவை உள்ளே கொண்டுபோய்க் குழாய் மாட்டியிருந்தார்கள். கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்று நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள். சத்யப்பிரியா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் சேறு. மடியில் அவன் செல், மருந்து டப்பா, பச்சை அட்டைப் புத்தகம்.

டாக்டர் வெளியே வந்து டப்பாவை வாங்கிப் பார்த்தார். "டேங்குக்கு எவ்ளோ கலந்தாரு? எத்தன டேங்கு அடிச்சாரு?"

"ஆறு மூடி சார். ஒம்பது டேங்கு. டேங்கு வேற ஒழுவிக்கிட்டு இருந்துச்சி, முதுகெல்லாம் நனைஞ்சிருந்துச்சி."

"ஆறா? யாரு சொன்னது ஆறுன்னு?"

சத்யப்பிரியா புத்தகத்தை எடுத்துப் புகையான் பக்கத்தைத் திறந்தாள். மூன்று மூடி என்று தெளிவாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் பேனாவால் ஆறு என்று எழுதியிருந்தது, இளவரசுவின் கையெழுத்து. "இதுல பாதிதான் போட்டிருக்கும் சார். ஊருல எல்லாருக்கும் தெரியும். இவருகூட மொதல்ல யோசிச்சாரு. அப்புறம், மாமா நமக்குத் தப்பா எழுத மாட்டாரு, கம்பெனிக்காரனுக்குப் பயந்துகிட்டுக் கொறைச்சிருப்பாரு, நாமதான் புரிஞ்சிக்கணும்னு சொன்னாரு." அவள் ராஜமாணிக்கத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படித்தான அண்ணே? நீங்களே சொல்லுங்க. கொறைச்சுதான எழுதியிருக்கீங்க?"

டாக்டரும் திரும்பிப் பார்த்தார். ராஜமாணிக்கம் தலையை அசைத்தார். ஆமென்றா இல்லையென்றா என்று அவருக்கே தெரியாது. டாக்டர் காத்திருக்கவில்லை, டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்றைக்கும் கீரப்பாளையத்தில், சேத்தியாத்தோப்பில், எத்தனை வயலில் எத்தனை பேர் டேங்கை மாட்டிக்கொண்டு நிற்கிறார்களோ. வடலூர்க்காரர் கட்டைப் பிரித்திருப்பார். ராஜமாணிக்கம் படிக்கட்டில் பாதி இறங்கினார். மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, சொந்த நம்பரிலிருந்து, சொந்தப் பெயரில், கீரப்பாளையம் குரூப்பைத் திறந்து மைக்கை அழுத்தினார்.

"நான் மூடிக் கணக்கு ராஜமாணிக்கம் பேசறேன்," என்று தொடங்கினார். எல்லாவற்றையும் சொன்னார். செல்லில் வந்த புதிய பதிப்பைத் தானே செய்தது, அளவைப் பாதியாக்கியது, புத்தகம் விற்கவேண்டும் என்பதற்காகவே செய்தது, அச்சில் இருப்பது முழு அளவு, இரண்டு மடங்கு ஊற்றினால் ஆள் செத்துவிடுவான், தன் மச்சான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். போன மாசமே தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னார். இன்று காலை அவன் போன் செய்தபோது வாயை மூடிக்கொண்டதையும் சொன்னார். நடுவில் அழுகை வந்தது, அதோடு சேர்த்தே பேசினார். நாலு நிமிஷம் ஓடியது. அனுப்பினார். நாலு நிமிஷக் குரலுக்கு அஞ்சாவது நொடியில் யாரோ ஒருவர் கும்பிடு போட்டிருந்தார். கேட்காமலேயே போட்ட கும்பிடு. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மேலே ஏறினார். வராந்தாவில் திரும்பும்போதே தன் குரல் தனக்குக் கேட்டது. இளவரசுவும் அந்தக் குரூப்பில் இருக்கிறான் என்பது அவர் நினைவிலேயே இல்லை. அவன் செல் சத்யப்பிரியா கையில் இருந்தது. சத்தமாக வைத்திருந்தாள். பக்கத்தில் லோகநாயகி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. வராந்தாவில் இருந்த வேறு ஆட்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'காலையில என் மச்சான் போன் பண்ணப்பவே தெரியும், சொல்லல' என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கம் நின்ற இடத்திலேயே நின்றார்.

முடிந்ததும் சத்யப்பிரியா செல்லை இடுப்பில் செருகிக்கொண்டாள். புத்தகத்தை எடுத்து அவர் பக்கமாகத் தரையில் தள்ளி வைத்தாள். உள்ளேயிருந்து நர்ஸ் கதவைத் திறந்து, "இளவரசு வீட்டுக்காரங்க யாரு? டாக்டர் உடனே வரச் சொல்றாரு, ஒரு ஆம்பளையையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

ராஜமாணிக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். லோகநாயகி எழுந்து குறுக்கே வந்து நின்றாள். முப்பது வருஷத்தில் அவர் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"எங்களுக்கு ஆம்பள யாரும் இல்லம்மா. நாங்க ரெண்டு பேருதான் வர்றோம்," என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, தம்பி மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.